படகோட்டிக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாதது

அன்பு மகள் வாண்டுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கும் அதே சொல்லை எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நீ ஆராய்ச்சிக்காக அனுப்பிவைத்த விளையாட்டு இருக்கிறதே, நாம் பேசுவதற்கு ஏற்பக் கதை மாறும், உள்ளே இருக்கும் ஆட்கள் செயற்கை நுண்ணறிவால் தாங்களே பதில் சொல்வார்கள் என்றாயே, அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. அம்மாதான் தையல் மெஷினை மூடிவிட்டு மத்தியானமெல்லாம் அதில் வரும் படகோட்டியோடு பேசிக்கொண்டிருந்தாள். அக்கரைக்குப் போனால்தான் கதை நகரும், இவள் படகை விட்டு இறங்கவே இல்லை. நேற்று விட்ட இடத்திலிருந்து அவன் கேட்பானாம். "நான் சொல்றதை முழுசாக் கேக்கிற ஒரே ஆள் அவன்தான்" என்று என் காதுபடச் சொன்னாள், நானும் சிரித்துவைத்தேன்.

போன வாரம் உன் ஆராய்ச்சிக் குழுவில் நீங்கள் எதையோ மாற்றினீர்களாமே, அன்றைக்கு அவன் "நீங்க யாரும்மா, எந்த ஊரு" என்று கேட்டிருக்கிறான். இவள் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். பொம்மை மறந்ததற்கா இந்தப் பாடு என்றேன். "கண்ணு விஷயத்தைத் திரும்ப முதல்லேருந்து சொல்ல எனக்குத் தெம்பு இல்லைங்க" என்றாள். என்ன கண்ணு, என்ன விஷயம் என்று துருவிய பிறகுதான் வாயைத் திறந்தாள். இடது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு வருகிறதாம், ஊசியில் நூலைத் தடவித் தடவித்தான் கோக்கிறாளாம். நம்மிடம் சொன்னால் தையலை நிறுத்தச் சொல்வோம் என்று பயந்து அவனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். டாக்டரிடம் போகச் சொல்லி அவனும் கெஞ்சியிருக்கிறான், இவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது, போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார்.

இப்போது சொல். அதில் பேசுவதெல்லாம் உங்களுக்கு வந்துவிடும் என்று நீதானே சொன்னாய். "எல்லாரையும் விட அம்மாதாம்ப்பா அதிக நேரம் பேசியிருக்காங்க" என்று பெருமைப்பட்டாயே, எவ்வளவு பேசினாள் என்று பார்த்தவளுக்கு என்ன பேசினாள் என்று தோன்றவில்லையா. அடுத்தவர் பேச்சைப் படிக்கக் கூடாதென்று விதி இருக்கும், இருக்கட்டும், பெற்றவளிடம் நேராகக் கேட்க எந்த விதி தடுத்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பாய். என்னை நான் தனியாகத் திட்டிக்கொள்கிறேன், இது உனக்கு எழுதும் கடிதம்.

மருந்தை நான்தான் போடுகிறேன். தலையை அண்ணாந்துகொண்டு ஏதாவது சொல்கிறாள், கேட்கிறேன். படகோட்டிக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது என்று நீங்கள் அனுப்பிய செய்தியையும் படித்துக் காட்டினேன். "அவன் கிடக்கட்டும், நம்ம வாண்டு எப்போ பேசுவா" என்றாள்.

கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் மனசில். வேளைக்குச் சாப்பிடு, எந்நேரமும் திரையையே பார்க்காதே. இந்தக் கோளாறு பிள்ளைகளுக்கும் வரலாமாம், உடனே உன் கண்ணைக் காட்டு. டாக்டர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுத வேண்டாம், அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா