சேறு துடைத்த படை

நேற்று ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குக் கறை விழுந்த பனியன் லாட் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். செக்கிங் பகுதியைத் தாண்டும்போது அந்த நெடி மூக்கில் ஏறியது. உங்களுக்குத் தெரியாததா? துணியில் எண்ணெய்க் கறை இருந்தால் சின்னத் துப்பாக்கி ஒன்றைப் பிடித்து அதன்மேல் மருந்தைப் பீய்ச்சுவார்கள். கறை இருந்த இடமே தெரியாமல் போய்விடும். ஸ்பாட் கன் என்போம். பாதி பெட்ரோல், பாதி நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி ஒரு வாசனை. இத்தனை வருடமும் அதற்கு நடுவில் நின்றுதான் நான் சம்பாதித்தேன். நேற்று நிற்க முடியவில்லை. மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "அப்பறம் வர்றனுங்க" என்று படியிறங்கிவிட்டேன். விலையைக் குறைக்க நாடகம் போடுகிறான் என்று அந்த மேனேஜர் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் படையை அழித்தது அந்த மருந்துதான். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்களை முதலில் பார்த்ததும் ஒரு கறை லாட் விஷயமாகத்தான். வீரபாண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் நீங்கள் மெர்ச்சண்டைசர், ஆர்டர் பிடித்ததிலிருந்து சரக்கு கப்பலேறும் வரை பொறுப்பு. எக்ஸ்போர்ட்டில் கழித்த சரக்கை வாங்கி உள்ளூரில் தள்ளுகிறவன் நான். உங்கள் மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சிப்பாய் நின்றிருந்தான். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. சிவப்புக் கோட்டு, முதுகில் மூட்டை, கையில் நீளத் துப்பாக்கி. பூட்ஸில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. கறையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எடுத்து நகத்தால் சுரண்டினேன்.

"ஏனுங்க, ஏனுங்க! சொரண்டாதீங்க!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டீர்கள். "அது சேறில்லீங்க. பெயிண்ட்டுங்க."

"சேறு மாதிரி எதுக்குங்க பெயிண்ட் அடிக்கோணும்?"

"சண்டைக்கு நடந்து வந்தவன் பூட்ஸு, பாலீஷ் போட்ட மாதிரியா இருக்கும்?"

அன்றைக்கு லாட்டுக்கு விலை படியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் இருந்தேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் உங்களுக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனதில் ஆரம்பித்தது என்றீர்கள். பெட்டிக்குள் ஒரு சட்டத்தோடு ஒட்டி வரும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டியெடுத்து, கையும் தலையும் ஒட்டி, நாலு முடி உள்ள பிரஷ்ஷால் ஒவ்வொருவனுக்கும் கண் வரைந்து, ஒரு படையே கட்டியிருந்தீர்கள். பழைய ஐரோப்பிய யுத்தத்துச் சிப்பாய்கள். நடக்கிறவர்கள், குதிரைக்காரர்கள், பீரங்கி இழுக்கிறவர்கள். மேஜைமேல் இரண்டு படைகளை எதிரெதிராக நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்களாம். எதிரில் நிற்க ஆள் இல்லாமல் நீங்களே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தீர்கள். பாவமாக இருந்தது. "இது பசங்க வெளையாட்டுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

எனக்கும் பெயிண்ட் பூசாத ஒரு படை வாங்கிக் கொடுத்து, நீலக் கோட்டு என்றீர்கள். ஒரே மூச்சில் மொத்தப் படைக்கும் நீலம் பூசிக் கொண்டுவந்தேன். உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "என்னுங்க இது, பள்ளிக்கூடத்துப் பசங்க பிரேயருக்கு நிக்கற மாதிரி நிக்கறாங்க! மொதலாளி, உங்க படையை அடிக்கறதுக்கே மனசு வரலீங்க" என்றீர்கள். பிறகு அடித்துத் துவைத்தீர்கள்.

என் குடோன் மாடியில் சும்மா கிடந்த கட்டிங் டேபிள்தான் நமக்குப் போர்க்களம். தெர்மாகோலைச் செதுக்கிக் குன்று வைத்து, அதன்மேல் மிச்சப் பச்சை ஃபிளீஸ் துணியைப் போர்த்தினால் புல்வெளி. நீல ரிப் துணியை நீளமாகக் கிழித்துப் போட்டால் ஆறு. அளக்க டெய்லர் டேப். நான் நகர்த்தும்போதெல்லாம் கன்னத்தை மேஜையில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பீர்கள்.

"அரை இன்ச் தள்ளி வெச்சிருக்கறீங்க."

"கண்ணுக்கு அப்படித் தெரியுதுங்க."

"வேவாரி டேப்பே தனீங்க. வாங்கறப்ப ஒரு நீளம், விக்கறப்ப ஒரு நீளம்."

இத்தனை வருடத்தில் நாம் வாங்க, போங்க என்பதைத் தாண்டியதே இல்லை. ஒரே ஒரு முறை, உங்கள் குதிரைப்படை மொத்தமும் என் பீரங்கியில் சரிந்தபோது, "டேய்!" என்று கத்திவிட்டு உடனே, "மன்னிச்சுக்கோங்க, பகடையைச் சொன்னனுங்க" என்றீர்கள். நீங்கள் அப்படிக் கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லிக்கொள்ளவில்லை.

உங்கள் படையின் அழுக்குக்கு ஒரு கணக்கு உண்டு. அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அந்த வாரம் முழுக்க அந்தச் சண்டையை உங்கள் சிப்பாய்கள்மேல் எழுதுவீர்கள். ஆற்றைக் கடந்த அணிக்கு முழங்காலில் ஈரக் கோடு ஏறியிருக்கும். பீரங்கியோடு நின்றவனுக்கு முகத்தில் கரிப்புகை. குன்றுமேல் விழுந்து எழுந்தவனுக்கு இடுப்பில் பச்சைக் கறை. டீத்தூளை அரைத்துப் பெயிண்ட்டில் கலந்து சேறு செய்வீர்கள். அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்து, "போன வாரம் நீங்க அடிச்ச அடி பாருங்க" என்று காட்டுவீர்கள். இரண்டு பேருக்குமே நரை விழுந்த அத்தனை ஞாயிறுகளும் அந்தப் பூட்ஸ்களில் இருந்தன.

ஒரு நாள் பிரஷ்ஷை நக்கிக் கூராக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "வாரம் பூரா கறையைத் தொரத்தறேன். ஒரு நாளாச்சும் கறையைப் பண்ணறனுங்க."

ஷிப்மென்ட் நெருக்கடியில், கம்பெனிப் படியிலேயே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மறுநாளே என் மனது படையைத்தான் நினைத்தது. தப்பென்று நான் நினைக்கவில்லை. உங்கள் கை இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? நீங்கள் அனுப்பிய பனியன்களை எங்கோ யாரோ கிழித்துத் தரை துடைத்திருப்பார்கள். உங்கள் வீட்டம்மாவிடம் கேட்டேன்.

"அந்தச் சிப்பாய் பொம்மையெல்லாம் எனக்குக் குடுங்க அம்மிணி. பத்திரமா வெச்சுக்கறேன்."

"எடுத்துக்கோங்ண்ணா. உங்களுக்கில்லாம யாருக்கு?"

சாவு விழுந்த வீட்டிலிருந்து காரியம் முடிவதற்குள் ஒரு பொருளை எடுத்து வருவது நம் பக்கம் வழக்கமில்லை. எந்தச் சரக்கையும் நாளைக்கு என்று விட்டு வைக்காதவன் நான். கையோடு லோடு ஏற்றிவிடுவேன். அன்றைக்கு முறை பார்த்து, வெறுங்கையோடு வந்தேன்.

அந்த இடைவெளியில் அது நடந்துவிட்டது. உங்கள் வீட்டம்மா செக்கிங் சூப்பர்வைசர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. காலையிலிருந்து மாலை வரை கறையைத் தேடுகிற கண் அது.

காரியம் முடிந்து நான் போனபோது ஒரு எக்ஸ்போர்ட் கார்ட்டனைத் தூக்கி வந்து வைத்தார். டேப் ஒட்டி, மேலே ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தது. உள்ளே ஒவ்வொரு சிப்பாயும் தனித்தனிப் பாலிபேக்கில். ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலமும் போட்டிருந்தார். சாவுக்குப் பிறகு அவர் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் பார்த்தேன்.

"ஒரே அழுக்குங்ண்ணா. காலெல்லாம் சேறு, மூஞ்சியெல்லாம் கரி. எப்படித்தான் வெச்சிருந்தாரோ! எங்க யூனிட்டுக்கு எடுத்துட்டுப் போயி, சாப்பாட்டு நேரத்துல ஸ்பாட் கன்னுல நானே அடிச்சனுங்க. ஒரு கறை இல்லீங்க. நானே செக் பண்ணுனேன்."

ஒரு பாலிபேக்கைப் பிரித்தேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக். மடிப்புகளில் மட்டும் வெளிறிய ரோஸ். மருந்து பட்டு முகம் இளகி, மூக்கும் கண்ணும் வழித்துவிட்ட மாதிரி இருந்தது.

"செவப்பு கொஞ்சம் விட்டுப் போச்சுங்க" என்றார். "அவரு போட்ட கலரு ஃபாஸ்ட்னெஸ் பத்தலீங்க. சலவைக்கே நிக்காது."

இன்னொன்றைப் பிரித்தேன். இன்னொன்றை. எதிலாவது ஒரு துளி சேறு தப்பியிருக்காதா என்று பார்த்தேன். அவர் வேலை சுத்தமான வேலை.

"உசிரோட இருக்கறப்ப ஒரு நாளும் தொட உட்டதில்லீங்ண்ணா. இப்பத்தான் அவருக்குன்னு ஒண்ணு செஞ்ச மாதிரி இருக்குது. நல்லா இருக்குதுங்களா?"

ஊசி முனை ஓட்டையைக் காட்டி லாட்டுக்கே விலை குறைக்கிற ஆள் நான். "நல்லா இருக்குதுங்க அம்மிணி" என்றேன்.

திரும்பப் பூசிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முகமே இல்லாதவனுக்குக் கண்ணை எங்கே வரைவது? சிவப்பு வரும், கடையில் கிடைக்கும். ஆற்றைக் கடந்த ஈரக் கோட்டை நான் போட்டால் அது வெறும் கோடு. போனில் போட்டோ தேடினேன். நீங்கள் கள்ளாட்டம் என்று சண்டை பிடித்த பகடைகள் இருக்கின்றன. டேப் பிடித்த என் கட்டைவிரல் இருக்கிறது. படை எங்கோ பின்னால் மங்கலாக நிற்கிறது. கண்முன்னால் நின்றிருக்கும்போது எவன் போட்டோ எடுக்கிறான்?

சில மாதம் கழித்து உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது.

"அண்ணா, அட்டாலி மேல இன்னொரு பெட்டி கெடந்துச்சுங்க. அதுலயும் பத்துப் பாஞ்சு பொம்மை இருக்குது. நாளைக்கு யூனிட்டுக்குக் கொண்டுபோயி—"

"வேண்டாமுங்க!" என்று கத்திவிட்டேன். அப்புறம் குரலை இறக்கி, "அப்படியே வெச்சிருங்க. நானே வர்றேன்" என்றேன். வண்டியை எங்கே நிறுத்தினேன் என்றுகூட நினைவில்லை.

பரணிலிருந்து இறக்கிய பெட்டி கூடத்து மேஜையில் இருந்தது, திறந்தபடி. சேறு, புகை, துரு எல்லாம் நீங்கள் வைத்தது வைத்தபடி. கை நீட்டினேன். அவர் பெட்டியை விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குறை தேடிப் பழகிய கண்ணுக்கு முன்னால் என் வியாபாரம் எடுபடவில்லை.

"எதுக்குங்ண்ணா அப்படிக் கத்துனீங்க?"

நான் பெட்டியைப் பார்த்தேன். அவர் ஒருவனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது என்னுங்க, கால்ல?"

"சேறுங்க."

"தானா ஒட்டுனதா?"

"அவரு வரைஞ்சதுங்க."

அடுத்தவனை எடுத்தார். "இது?"

"பீரங்கிப் புகைங்க அம்மிணி."

"இது?"

"துருங்க. அந்தக் கத்தி மழையில நனைஞ்சுது. அப்படின்னு வெச்சுக்கிட்டோம்."

ஒவ்வொருவனாக எடுத்துக் கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்த ஆட்டம், எந்தக் குன்று, யார் ஜெயித்தது என்றெல்லாம் என்னை அறியாமல் சொல்லிக்கொண்டே போனேன். கடைசி ஆளைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் பூட்ஸ் சேற்றை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப, முன்னாடி நான் தொடச்சது..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை.

சிப்பாயைப் பெட்டிக்குள் படுக்க வைத்தார். மூடினார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார், அதில் எதுவுமே ஒட்டியிருக்கவில்லை.

"இது இங்கியே இருக்கட்டுங்ண்ணா."

"இருக்கட்டுங்க" என்றேன். அதன்பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. எப்போதாவது சந்தித்தால் இருவர் கண்ணும் வேறு பக்கம் போய்விடும். உங்களை வைத்து எங்களுக்குள் இருந்த பேச்சும் அதோடு தீர்ந்தது.

சமாதானம் தேடி இதை எழுதவில்லை. கிடைக்கிற மாதிரி தெரியவில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது சரக்கு இல்லை, ஞாபகம் மட்டும்தான். முகம் போன ஒவ்வொருவனையும் கையில் வைத்துக்கொண்டு, எவனுக்கு எங்கே என்ன அழுக்கு இருந்தது என்று சொல்லிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எனக்கு அதுதான் வேலை. ஆரம்பத்தில் எல்லோரையும் சொல்ல முடிந்தது. இப்போது பாதிப் பேரிடம் தடுமாறுகிறேன். போன வாரம் தமுக்கடிக்கிறவனை எடுத்தேன். அவனுக்கு முழங்கை கிழிந்து, ஒட்டுத் துணி போட்ட மாதிரி வரைந்திருந்தீர்கள். அது இடக்கையா வலக்கையா என்று வரவில்லை. இரண்டு கையையும் தடவிப் பார்த்தேன். இரண்டும் வழவழவென்று ஒரே மாதிரிதான் இருந்தன.