மேட்டில் விழுந்த வெடிப்பு

திருப்புலி நாடு,
வியாழக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள மாமாவுக்கு, சுமித்ரா எழுதுவது. அத்தை, நம்ம பாப்பா வளர்மதி, நான் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். இதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிங்க.

ஒன்பது நாளாக மழை. டவர் வேலை செய்யவில்லை. ரோட்டில் மூன்று இடத்தில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்து ஜோசப் சார் நாளைக்குக் காளப்பநாயக்கன்பட்டிக்கு நடந்தே இறங்குகிறார். உங்க கம்பெனியின் திருச்செங்கோட்டு ஆபீசுக்கு அங்கிருந்து தபால் போட்டால், ஒடிசாவில் உங்க போர்வெல் வண்டிக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். கீழே போனதும் ஜோசப் சாரையே உங்களுக்குப் போனில் சொல்லச் சொல்லலாம். எனக்குத்தான் மனசு வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. எந்த மழையிலும் அது கலங்கி நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டுக் கதவைச் சாத்த முடியவில்லை, நிலை கோணிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறிப் பார்த்தேன். மிளகுக்கொடி ஏற்றிய மரங்களுக்கு நடுவே நிலம் நீளமாக வெடித்திருந்தது. கையை விட்டேன், முழங்கை வரை போனது.

ஜோசப் சாரைக் கூட்டிவந்து காட்டினேன். மண்ணுக்கு அடியில் பாறை சாய்வாகக் கிடக்கிறது, தண்ணீர் இறங்கினால் மேல்மண் அப்படியே வழுக்கும் என்றார். அடியில் தாங்கிக்கொண்டிருந்த மண்ணை யார் வெட்டியது என்று கேட்டார். புது வீட்டுக்கு இடம் சமன் பண்ணினோம் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம். அத்தைதான் கேட்கவில்லை. மாடு கத்தும், கோழி பசிக்கும் என்று தினமும் வீட்டுக்குப் போனார்கள்.

நேற்று மத்தியானம் அவர்களைத் தேடிப் போனேன். மழை விட்டிருந்தது. மேட்டில் வேர் அறுகிற சத்தம் படபடவென்று கேட்டது. அத்தை உள்ளே ராகி அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிடக்கூட இல்லை மாமா. முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மரவள்ளிக் காட்டில் போய் விழுந்தோம். திரும்பிப் பார்த்தால் மரங்கள் நின்ற வாக்கிலேயே நகர்ந்து வந்தன. சமையல்கட்டு போய்விட்டது. புது வீட்டுக்குப் போட்ட அஸ்திவாரம் மண்ணுக்குள். மாட்டையும் காணோம்.

அத்தைக்கு வலது கை ஒடிந்திருக்கிறது. ஜாஸ்மின் நர்சம்மா மட்டை வைத்துக் கட்டியிருக்கிறார். அத்தை, அவன்கிட்டச் சொல்லாதே கண்ணு, மேட்டை வெட்ட ஜேசிபி கூட்டிவந்ததையே நினைச்சு நினைச்சு அவன் ஒடைஞ்சு போவான் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் மறைத்து வைத்து, நீங்க வந்து அந்த மேட்டைத் தனியாகப் பார்ப்பதை நினைத்தால் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

வெடிப்பு சின்னுசாமி அண்ணன் காடு வரைக்கும் போகிறதாம். அவர்களும் இங்கே வந்துவிட்டார்கள். மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலும் மேடுதான். வளர்மதி அடிக்கடி தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள். எதுக்கு என்று கேட்டேன். நடுங்குதான்னு பாக்கறேன் என்றாள்.

கூட வேலை செய்கிற தமிழ்ச்செல்வனிடமும் இதைப் படிக்கக் கொடுங்க. தனியாக எங்கேயும் போய் உட்காராதீங்க. ரோடு திறந்ததும் வாங்க. எதையும் கட்ட வேண்டாம் மாமா. நீங்க முழுசாக வந்து சேர்ந்தால் போதும்.

உங்கள்,
சுமித்ரா