மூன்றாம் குழியில் மண் நிறம் மாறியது

மார்ச் 3, திங்கள்
அகழாய்வில் தன்னார்வலராகச் சேர்ந்த என் கையில் இன்று முதன்முதலாகக் கொத்துக்கரண்டியைக் கொடுத்தார்கள். அறுபத்திரண்டு வயதில் மண்டியிட்டு மண் சுரண்டுகிறேன். முழங்கால் இப்போதே முனகுகிறது. முப்பது வருஷம் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவளுக்குப் பொறுமையைச் சொல்லித்தர வேண்டாம் என்று அகழ்வை நடத்தும் பெண் சிரித்தாள். இடம், அண்ணன் எப்போதோ விற்றுவிட்ட காலி மனை. கால்வாய் வெட்டும்போது பழைய பானை ஓடுகள் கிடைத்ததாம். அண்ணனிடம் சொன்னேன். இந்த வயதில் உனக்கு எதற்கு இது என்றார், அதோடு சரி.

மார்ச் 7, வெள்ளி
எவ்வளவு ஆழம் போயிருக்கிறீர்கள் என்று அண்ணன் போனில் கேட்டார். நேற்றும் கேட்டார்.

மார்ச் 12, புதன்
மூன்றாம் குழியின் ஒரு மூலையில் மட்டும் மண் கருத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "இது பழைய மண்ணு இல்லம்மா. பின்னால யாரோ வெட்டி மூடியிருக்காங்க." குப்பைக் குழியாக இருக்கலாம் என்றாள்.

அண்ணனிடம் சொன்னேன். ஏன் சொன்னேன்? அரைமணியில் வாசலில் வந்து நின்றார். உட்காரவில்லை. நாளையிலிருந்து போகாதே என்றார். கெஞ்சுவது போலிருந்தது. அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

மார்ச் 13, வியாழன்
போனேன்.

அந்தக் கருத்த மண்ணுக்குள் ஒரு மனித மேல்தாடை. தூரிகையால் மண்ணை விலக்கியது நான்தான். கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைப்பு. பானை செய்தவர்கள் காலத்தில் பல்லை யார் அடைத்தது? முன்பல் ஒன்று இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது — அண்ணி சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வாரே, அதே பல். அந்த அடைப்புக்குக் கலவை குழைத்துக் கொடுத்தவளே நான்தான்.

அண்ணி காணாமல் போய் இருபத்தெட்டு வருஷம். யாரோடோ ஓடிப்போயிட்டா என்றார் அண்ணன். நானும் அதையே ஊரெல்லாம் சொன்னேனே. அண்ணன் மகளிடம்கூடச் சொன்னேனே, பாவி நான்.

எல்லாரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டு அந்தப் பெண் போலீசைக் கூப்பிட்டாள். அது யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது. என்னைத் தவிர.

மார்ச் 14, வெள்ளி
காலையிலிருந்து அண்ணனிடமிருந்து ஒன்பது அழைப்பு. பத்தாவதை எடுத்தேன்.

"நீ எதையும் பார்க்கலை. வயசாச்சு, கண்ணு தெரியலை. அவ்வளவுதான்."

குரல் இதமாக இருந்தது. அப்பா போனபின் என்னைப் படிக்கவைத்தவர். ஒரே வயிற்றில் பிறந்தவர். உள்தாழ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் — யாருக்குப் பயந்து?

மார்ச் 15, சனி
போலீஸ் நிலையம் போனேன். அந்த எலும்பு யாருடையது என்று பெயரைச் சொன்னேன். உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். அண்ணி என்றேன்.

மே 10, சனி
அண்ணன் மகள் வந்தாள். சிறைக்குப் போய் அப்பாவை இன்னும் பார்க்கவில்லையாம். என்னை நாலு வார்த்தை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அத்தை, அம்மா என்னை விட்டுட்டுப் போகலைதானே?"

"இல்லம்மா."

திங்கட்கிழமை எலும்புகளை ஒப்படைக்கிறார்களாம். வாங்கிக்கொள்ள வீட்டார் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். வருகிறீர்களா என்று கேட்டாள்.