மொட்டைத் தென்னைகளும் புது ரம்பமும்

மார்கழி 4, வியாழன்

காலையில் பனி. கிணறு இருக்கும் இடமே தெரியவில்லை. பால் ஊற்றிவிட்டு வந்து மரம் வெட்டுகிற கதிர்வேலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. போன் போட்டால், "நாளைக்கு வெடிய வாரனுங்க அக்கா." அந்த நாளை எந்த மாதத்தில் வரும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அன்னூர் சுற்றுவட்டாரத்தில் கூப்பிட்டால் போனையாவது எடுக்கிற ஆள் இவர் ஒருவர்தான். கோபித்துக்கொண்டால் அதுவும் போகும்.

மேற்குப் பக்கத்தில் கூன்வண்டு விழுந்து செத்த தென்னைகள் அப்படியே நிற்கின்றன. தலை ஒடிந்து விழுந்து வெறும் மொட்டைக் கம்பம். உள்ளே வண்டு குடும்பம் நடத்துகிறது. இன்று பார்த்தால் பக்கத்து வரிசையில், காய்த்து நிற்கிற மரத்திலும் ஓட்டை. சாறு வடிகிறது. காதை வைத்துக் கேட்டேன், உள்ளே கடிக்கிற சத்தம். செத்ததை வெட்டி எரிக்காவிட்டால் உயிரோடு இருக்கிறதும் போகும். தோப்பு போனால் எனக்கு வேறு என்ன வேலை தெரியும்?

ஓட்டையில் மருந்து வைத்துக் களிமண் பூசினேன். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்கழி 5, வெள்ளி

கதிர்வேல் வரவில்லை. எதிர்பார்த்ததுதான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். மரம் அறுக்கிற மெஷின் ஒன்று வாங்கி நானே வெட்டப் போகிறேன் என்று. டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் சரசு."

"ஏனுங்க?"

"வேண்டாம்னா வேண்டாம்."

இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லேத் பட்டறையில் மோதிர விரல் போனதிலிருந்து எந்த மெஷினையும் தொடுவதில்லை. இப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை. நட்டு, போல்ட்டு எண்ணிக் கொடுப்பதோடு சரி. வீட்டில் மிக்ஸி ஓடினாலே வாசலுக்குப் போய்விடுவார். பாவம்தான். ஆனால் அவர் பயம் தெளியட்டும் என்று வண்டு காத்திருக்குமா? இதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

ரசம் நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்லக்கூட ஆளில்லை.

மார்கழி 8, திங்கள்

நல்ல வெயில். உக்கடம் பக்கம் மெஷின் கடை. காந்திபுரம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே.

கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலீங்களா அம்மணி?"

"சாருக்கு மரம் வெட்டத் தெரியாதுங்க. மெஷின் எனக்குத்தான்."

உடனே பொம்மை மாதிரி ஒரு பேட்டரி மெஷினை எடுத்து வைத்தார். "லேசா இருக்குமுங்க. கொய்யாக் கெளை, முருங்கைக் கெளை எல்லாம் வெட்டிக்கலாம்."

"வெட்டறது தென்னைங்க."

நேராக இருப்பதிலேயே பெரியதுக்குத் தாவினார். கொய்யாவுக்கும் யானைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையா? தூக்கிப் பார்த்தேன். தூக்கலாம். கொஞ்ச நேரம் பிடித்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் அப்புறம் வீட்டில் அவர் பயந்தது சரியாகிவிடும். நடுவாந்தரமாக, செயின் சுற்றுகிற பட்டை பதினெட்டு அங்குலம் உள்ள பெட்ரோல் மெஷின் எடுத்தேன். எங்கள் தென்னைக்கு அது தாராளம்.

கேட்டுக்கொண்டவை:
மெஷின் துள்ளினால் செயின் பிரேக் தானாக விழுமா (செய்து காட்டச் சொன்னேன், விழுந்தது).
ஆக்ஸிலேட்டருக்கு லாக்.
செயின் அறுந்தால் பிடிக்கிற கொக்கி.
மாற்றுச் செயின், அரம் இங்கேயே கிடைக்குமா.
ரிப்பேர் யார்.

"இத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லீங்க" என்றார். மற்றவர்கள் என்ன கேட்பார்கள் என்றேன். "ஆம்பளைங்களா? வேற கலர் இருக்குதான்னு கேப்பாங்க."

ஹெல்மெட், முகத்துக்கு வலை, காதுக்கு மூடி, காலுக்குத் தடித்த உறை, பூட்ஸ், ஒரு விசில். பூட்ஸ் ஆண்கள் அளவு, இரண்டு சாக்ஸ் போட வேண்டும். கடைக்காரர் சொன்னவை: பட்டையின் நுனி மட்டும் மரத்தில் படக் கூடாது, முகத்துக்கே எகிறும். தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. மரம் சாய்க்கும்போது தனியாக இருக்கவே கூடாது. கடைசியில் சொன்னதுதான் இடிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் பெட்டியைப் பார்த்தார். பார்க்காத மாதிரி மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடப் போய்விட்டார்.

மார்கழி 10, புதன்

சேலையோடு இதைத் தொட முடியாது. அவருடைய பழைய பேண்ட்டை மடித்துத் தைத்துப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் பஸ் கண்டக்டர். பக்கத்துத் தோட்டத்து மயிலாத்தாள் துணைக்கு நின்றாள். சிரிக்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன்.

மத்தியானம், தானாக விழுந்து கிடந்த ஒரு மரத்தில் பழகினேன். செயினுக்கு எண்ணெய் ஊற்றத் தனி டேங்க். கடைக்காரர் அதற்கென்று ஒரு டப்பா கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டேன். தோப்பை வைத்துக்கொண்டு கடையில் எண்ணெய் வாங்குவதா? நம் செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெயே ஊற்றினேன். வெண்ணெயில் கத்தி மாதிரி போயிற்று. ஒரே பெருமை.

மார்கழி 11, வியாழன்

நடுங்குகிற குளிர். அவர் கிளம்புவதற்குள் ஒரு துண்டு அறுத்துக் காட்டிவிட வேண்டும் என்று அவசரம். ஸ்டார்ட் ஆயிற்று. அறுக்க ஆரம்பித்ததும் புகை. பலகாரம் சுடுகிற வாசம். பட்டை கருத்துவிட்டது.

சட்டைப் பட்டன்கூடப் போடாமல் ஓடி வந்தார். "ஆஃப் பண்ணு! மொதல்ல ஆஃப் பண்ணு!"

அணைத்தேன். ஆறும்வரை என்னை மெஷினைத் தொட விடவில்லை. பிறகு எண்ணெய் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கிறது.

"தேங்காயெண்ணெயா ஊத்துன?"

தலையாட்டினேன்.

"மார்கழியிலயா?"

சிரித்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ரோட்டில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. அவர் நகரவில்லை. சாக்கை விரித்து உட்கார்ந்து, முதலில் பிளக் ஒயரைப் பிடுங்கி விட்டார். செயினைக் கழற்றி, எண்ணெய் வருகிற ஓட்டையை ஈர்க்குச்சியால் நோண்டிச் சுத்தம் செய்தார். அவருக்கு இந்தக் கை வேலை எவ்வளவு வரும் என்பதையே மறந்துபோயிருந்தேன். பக்கத்தில் டீ வைத்தேன்.

"இதுக்குன்னு விக்கற ஆயிலை ஊத்தோணும். வெட்டறதுக்கு மின்னாடி நுனியை ஒரு காயிதத்துக்கு நேரா காட்டி ஓட்டிப் பாரு. எண்ணெய் கோடாட்டம் விழுகோணும். விழுகாட்டித் தொடாதே." கையைத் துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழமை வெட்டலாம். நான் இருக்கறப்ப."

பலகார வாசம் மயிலாத்தாள் வீடு வரை வந்ததாம்.

மார்கழி 14, ஞாயிறு

பனி விலகும்வரை காத்திருந்தோம். எல்லாம் அவர் உத்தரவு. மாட்டை அவிழ்த்துத் தூரத்தில் கட்டியாயிற்று. மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு பங்கு தூரத்துக்கு ஆள் நடமாட்டம் கூடாது. சாயும்போது நான் பின்வாங்க வேண்டிய வழியில் கிடந்த மட்டை, நெத்துக்காய் எல்லாம் பொறுக்கினார். காயிதத்தில் எண்ணெய்க் கோடு விழுந்தது. வளையலைக் கழற்றினேன். என் கழுத்தைப் பார்த்தார்.

"அதையும் கழட்டு."

தாலிக்கொடி. சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்கிறேன் என்றேன். குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை.

"நானும் மோதிரத்தைக் கழட்டுனதே இல்ல. கல்யாண மோதிரமாச்சேன்னு. அதுதான் லேத்துல சிக்குச்சு."

எனக்குத் தெரிந்த கதைதான். அவர் வாயால் கேட்டது இன்றுதான். கழற்றிக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுப் பட்டன் மாட்டிக்கொண்டார். கழுத்து காலியாக, என்னவோ போல் இருந்தது. வேலை தொடங்கியதும் மறந்துபோயிற்று.

விழ வேண்டிய பக்கம் முதலில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை அறுத்து எடுத்தேன். அப்புறம் பின்னாலிருந்து, கொஞ்சம் மேலே அறுப்பு. முழுக்க அறுக்காமல் நடுவில் கொஞ்சம் மரத்தை விட வேண்டும், கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்துச் சாய்க்கும். விசில் ஊதினார். பின்வாங்கினேன். முனகிக்கொண்டே சாய்ந்து வாய்க்கால் ஓரம், நாங்கள் நினைத்த இடத்திலேயே விழுந்தது. தரையின் அதிர்வு காலில் ஏறியது.

உள்ளே கட்டைவிரல் தடிமனுக்குப் புழு. அழுதேன். பயமும் சந்தோஷமும் சேர்ந்து. வலைக்குள் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

மார்கழி 15, திங்கள்

உடம்பெல்லாம் வலி. அவர் லீவு சொல்லிவிட்டார், காரணம் சொல்லவில்லை. விழுந்த மரத்தைத் துண்டு போட்டால்தான் எரிக்க முடியும். நான் அந்தத் தடித்த கால் உறையைத் தேடினால் காணோம். வெளியே வந்தால் அவர் காலில்.

"கீழ கெடக்கற மரந்தான? நீ சித்த அக்கட்ட நில்லு."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது, தள்ளிப் போய் நின்றேன். பிரேக்கைப் போட்டு, மெஷினைத் தரையில் வைத்துக் காலால் மிதித்து, கயிற்றை இழுத்தார். கிளம்பவில்லை. திரும்ப இழுத்தார். கிளம்பியது. முதல் துண்டு கோணல். அடுத்தது நேராக வந்தது. வெயில் ஏறும்வரை நிறுத்தவே இல்லை. தென்னை நாரில் செயின் மழுங்கிவிட்டது. அணைத்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார், முகமெல்லாம் மரத்தூள்.

"அரம் எங்க வெச்ச சரசு? இன்னும் எத்தன மரம் நிக்குது பாரு."