எண்பத்துநாலாம் பக்கத்துச் சொல்

ஜனவரி 9
செவிலியர் பாடப்புத்தகத்தில் நாக்கு அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். நாக்கின்மேல் சொரசொரவென்று நிற்கும் குட்டி மேடுகளுக்குப் பாப்பில்லா என்று பெயர். அத்தியாய முடிவில் ஒரு சொல்லின் பிறப்பைக் கட்டம்கட்டி எழுதுவது என் வேலை. தேடினேன். லத்தீனில் பாப்பில்லா என்றால் முலைக்காம்பு. பருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது. நாக்கு முதலில் அறிந்த இடத்தின் பெயர் நாக்கின்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 12
பதிப்பாசிரியர் (அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘கத்தரி’) அந்த வரியை அடித்துவிட்டார். “படிக்கப்போறது பதினெட்டு வயசுப் பொண்ணுங்கம்மா. கிளாஸே சிரிக்கும். லத்தீன்ல ‘சிறு முனைப்பு’ன்னு போட்டுடுங்க.”
அது பொய். “சரி சார்” என்றேன்.

ஜனவரி 13
சரி சார், சரி சார். வேறென்ன தெரியும் எனக்கு?

பிப்ரவரி 3
அக்கா துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்பாடியில் ரத்தக்கறை. என்னைப் பார்த்ததும் வாளியை மறைத்தாள். விடாமல் கேட்டேன். எட்டு மாதமாகக் கசிகிறதாம். கட்டியும் இருக்கிறதாம்.
“மாசாமாசம் டாக்டர்கிட்ட போனியே?”
“சோர்வா இருக்குன்னு சொன்னேன். சத்து மாத்திரை குடுத்தாங்க.”
“இத சொல்லலியா?”
“எப்படிடி சொல்றது? வாய் வரல.”

பிப்ரவரி 6
துணைக்குப் போனேன். டாக்டரும் பெண்தான். “ரத்தம் எங்கேருந்து வருது?” அக்கா என்னைப் பார்த்தாள், படிச்சவ நீ சொல்லு என்பதுபோல. சொற்களை வைத்துச் சம்பளம் வாங்குகிற நான், “அது… இங்க” என்று என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிரவில்லை. “வாயால சொல்லுங்கம்மா.”
வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள். “நல்ல துணைக்கு வந்தே போ.”

பிப்ரவரி 20
ஸ்கேன் வந்தது. ஈரலிலும் இருக்கிறது. அறுத்து எடுத்துப் பயனில்லையாம். எட்டு மாதம் – எட்டு மாதம்.

மார்ச் 17
கடைசி மெய்ப்பில் பழைய வரியைத் திரும்ப எழுதினேன்.
“மறுபடியுமா?” என்றார் கத்தரி.
அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன், அந்தச் சொல்லோடு, அவர் முகத்தைப் பார்த்தே. காதுவரை சிவந்துபோனார். பேனாவை மூடி வைத்தார்.

ஏப்ரல் 22
அக்காவுக்கு எதுவும் ருசிக்கவில்லை. நாக்கு மழமழவென்று ஆகிவிட்டது. அந்தக் கட்டத்தைப் படித்துக் காட்டினேன்.
“பொண்ணுங்க சிரிக்குமாடி?”
“சிரிக்கும்.”
“சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டாவது வாயில வரட்டும்.”

ஏப்ரல் 30
இன்று அக்கா என்னை யாரென்று கேட்டாள்.

ஜூலை 28
புத்தகம் வந்தது. எண்பத்துநாலாம் பக்கத்தில் சொல் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவள் படுத்திருந்த கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். அக்கா மகள் புரட்டிக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றாள். உனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை, சொல்லைச் சொல்லியே கேட்டேன்.
அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
“ரத்தமெல்லாம் இல்ல சித்தி. ஆனா இடது முலையில, காம்புக்குக் கீழ ஒண்ணு உருளுது. நாளைக்குக் கூட வர்றீங்களா? டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்.”