தண்ணீருக்காகத் தொட்டியைக் காலி செய்தவள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் சுகம், அப்பாவின் முட்டி மட்டும் மாடிப்படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது. நீ போனில் நல்லா இருக்கேம்மா என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்துவிடுகிறாய், அதை வைத்து நான் என்னத்தைத் தெரிந்துகொள்ள? அதனால்தான் கடிதம், இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

உன் தங்கை செய்த காரியத்தைக் கேள். அவள் கல்லூரிப் பிள்ளைகள் முகாமுக்குப் போன கிராமத்தில் குளத்துத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்களாம், குழந்தைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. அங்கே தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை வைத்தே தீருவது என்று வந்து நின்றார்கள். பணத்துக்கு வழி? நம் குடியிருப்பு வாசலில் ஞாயிற்றுக்கிழமை கார் கழுவித் தருவதாக அட்டை எழுதி மாட்டிவிட்டார்கள். தெருமுனை வரைக்கும் கார்கள், சோப்பு நுரை, ஒரே கும்மாளம். உண்டியல் நிரம்பியது, மொட்டைமாடித் தொட்டி காலி. கீழ்த்தொட்டியும் வறண்டு, மோட்டார் வெறுமனே ஓடிப் புகைந்து நின்றது. குடிதண்ணீருக்குக் காசு சேர்க்கக் குடிதண்ணீரையே கொட்டியிருக்கிறார்கள், ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை! தலையில் சோப்போடு வெளியே வந்த மூன்றாம் மாடி வக்கீல் போட்ட சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது.

குடியிருப்புச் செயலாளர் உண்டியலைக் கேட்டார், மோட்டார் செலவுக்கும் தண்ணீர் லாரிக்கும் அதுதான் என்றார். நியாயம்தானே, நாங்கள் என்ன பேச? உன் தங்கை மறுபேச்சில்லாமல் நீட்டிவிட்டாள். இனி அந்த ஊருக்கு எந்த முகத்தோடு போவேன் என்று என்னிடம் கேட்டாள். லாரி வந்தும் மேலே ஏற்ற மோட்டார் இல்லை, இவளும் தோழிகளும்தான் வீடு வீடாக வாளியில் சுமந்தார்கள். செயலாளர் ரோஷக்காரர், என் தண்ணியை நானே தூக்கிக்கிறேன் என்று கிளம்பி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். அந்த ஊர்ல எவ்வளவு தூரம்மா தூக்குவாங்க என்று கேட்டாராம். தூரம்கூடப் பரவாயில்ல சார், அவ்வளவு பாடுபட்டுத் தூக்கிட்டு வந்து அந்த அழுக்குத் தண்ணியையே பிள்ளைக்குக் குடுக்கணும், அதான் கொடுமை என்றாளாம் இவள்.

மறுவாரம் உண்டியலோடு நம் வீட்டுக்கு வந்தார். அது பழைய மோட்டார், எப்படியும் போயிருக்கும், செலவை எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டாச்சு என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். தன் காரையும் கொண்டுவந்து நிறுத்தினார், ஈரத்துணியால துடைச்சாப் போதும், குழாய்ப் பக்கம் யாரும் போகக்கூடாது என்ற உத்தரவோடு. வக்கீல் இன்னும் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், போகட்டும்.

நேற்று இயந்திரத்தை வைத்துவிட்டு வந்தாள். முதல் தம்ளரைப் பிடித்த பெண் குடிக்கவில்லையாம், வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாளாம், அப்புறம் இடுப்பில் இருந்த குழந்தைக்குப் புகட்டினாளாம். அவளுடைய மூத்த குழந்தை போன வருடம் அந்தக் குளத்துத் தண்ணீரால்தான் போய்விட்டதாம். இதைச் சொல்லிவிட்டு உன் தங்கை சமையலறையில் நின்று அழுதாள், நானும் அழுதேன். உங்கள் இருவருக்கும் எத்தனை தம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பேன், ஒரு தடவைகூட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லையடா.

அவளுக்கு போன் செய். தொட்டி விஷயத்தை வைத்துக் கிண்டல் செய்யாதே, கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் உன் இஷ்டம். நோய் நொடி அண்டாமல், மனசு வாடாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார். வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவாய், எனக்குத் தெரியும். இதை மடித்து வைத்ததும் எழுந்துபோய் ஒரு தம்ளர் குடி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமலே குடி.

அன்போடு,
உன் அம்மா