சோப்பு டப்பாவில் இருந்த சாக்லேட்

ஸ்கெலட்டன்,
கோலார் தங்க வயல்.
ஏப்ரல் 21

அன்பு மகன் ஹரிஷுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் சர்க்கரையும் அவள் முழங்கால் வலியும்கூடத் தத்தம் நிலையில் உறுதியாக இருக்கின்றன. அங்கே நீ, ரூபா, பாப்பா பவ்யா மூவரும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. போன ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. நெடிய ஆலோசனைக்குப் பின், ஃபிரிட்ஜைச் சமையலறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுவது என்று உன் அம்மா முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன், எதிர்ப்பு இல்லை. காரணம் உனக்கே தெரியும். வீடியோ காலில் பாப்பா ஒவ்வொரு முறையும் என் சாக்லேட் இருக்கா, காட்டு என்பாள். சமையலறையில் சிக்னல் கிடையாது, எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து காட்டினால் அவள் பேசி முடிப்பதற்குள் ஓரம் இளகுகிறது என்பது உன் அம்மாவின் புகார்.

நீங்கள் வெளிநாடு கிளம்பிய அன்று காலை பாப்பா அதில் ஒரே ஒரு கடி கடித்துவிட்டு, மிச்சம் நான் வந்து தின்பேன், யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டாள் அல்லவா, அப்போது அவளுக்கு நாலு வயது, இப்போது ஆறு. உன் அம்மா அதைப் புதுச் சோப்பு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, பால் எடுக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து அந்தச் சின்னப் பல் தடத்தைப் பார்த்துவிட்டு மூடுவாள். பால் எடுக்காதபோதும்தான்.

ஃபிரிட்ஜை நானும் ஆஸ்டின் மாமாவும் தூக்கி வைத்தோம். இடம் மாற்றியதும் சுவிட்சைப் போடக்கூடாது, சாயங்காலம் வரை விடுங்கள் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். பாலும் மாவும் பக்கத்து வீட்டு ரெபேக்காவிடம் போயின. சாக்லேட்டை மட்டும் உன் அம்மா அனுப்பவில்லை, அங்கே மூன்று பிள்ளைகள். குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வையுங்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டு ஆண்டர்சன்பேட்டைக்குக் காய்கறி வாங்கப் போனாள். நானும் ஆஸ்டினும் சுரங்கம் மூடும்வரை ஒரே லெவலில் வேலை பார்த்தவர்கள். ஆளிறக்கும் கேஜ் கீழே இறங்க இறங்கப் பாறை சுடும், மேலே வந்தால்தான் குளிர்காற்று. தரையில் வைக்கலாமா என்றேன். கீழ போவப் போவச் சூடுதானே அண்ணே, மேல வைங்க என்றான். எனக்கும் அதுவே அறிவாகப் பட்டது. வீட்டில் உயரமான இடம் பரண், டப்பாவை அங்கே ஏற்றி வைத்தேன். அதற்கு மேலே ஷீட் கூரை, அதற்கு மேலே சித்திரை வெயில்.

பிறகு லைப்ரரியில் படித்துப் பார்த்தேன். சாக்லேட்டில் உள்ள கோகோக் கொழுப்பு நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே இளகிவிடுமாம், கையில் கட்டியாக இருப்பது வாய்க்குள் போனதும் கரைவது அதனால்தானாம். உங்கள் வின்னிபெக் குளிரில் அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம். நம் பரண் நம்மைவிடச் சூடு. மறுபடி குளிர்ந்தால் இறுகும், மேலே வெள்ளையாகப் பூக்கும், அது பூஞ்சணம் இல்லை, கொழுப்புதான், தின்றால் ஒன்றும் ஆகாது. இதையெல்லாம் உன் அம்மாவுக்கு விளக்கினேன். அவள் மறுபடி ஃபிரிட்ஜில் வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள், சாக்லேட் நாலு பக்கமும் நேராக, சோப்புக் கட்டி போல இறுகியிருந்தது. கெட்டியாயிடுச்சி, சரி, பாப்பா கடிச்ச எடம் இன்னா ஆச்சி என்று மட்டும் கேட்டாள். அதைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதாக நீ அனுப்பிய படம் நேற்று வந்தது. உன் அம்மா அதைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். டிசம்பரில் வர முடியாவிட்டால் பரவாயில்லை என்று போனில் நான் சொன்னது பேச்சுக்குச் சொன்னது, அதை நம்ப வேண்டாம். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு. ரூபாவை வேளைக்குச் சாப்பிடச் சொல். பாப்பாவுக்குப் புதுப் பல் வரிசையாக முளைக்கட்டும், மூவரும் நீடூழி வாழ்க. டிக்கெட்டை இப்போதே பார்த்து வை.

உன் அப்பா,
மனோகர்

பி.கு.: ஃபிரிட்ஜைத் திரும்பவும் சிக்னல் கிடைக்காத சமையலறைக்கே மாற்றிவிட்டோம்.